மண்டபத்தில் கேட்ட விலை

வேட்பாளர்களுக்குப் பேச்சு எழுதப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் என்னைக் கூப்பிட்டு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்து, "சார், நீங்க எழுதி ஜெயிச்ச பேச்சுல பெஸ்ட் எது?" என்று கேட்டீர்கள். நான் சமோசாவை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பெரியவருக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகவே கேட்கிறது. ஜெயித்த பேச்சு என்றதும் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு ஞாபகம் வந்தது. அதில் நான் எழுதியது இரண்டே வரி. அந்த இரண்டு வரியால் ஒரு பெண் ஜெயித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. டீக்கடையில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதித் தருகிறேன்.

முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவன் நான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நான் எழுதாத முச்சந்தி கிடையாது. மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, கைத்தட்டலுக்கு எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் எந்நேரமும் கையில் வைத்திருக்கிறீர்களே, அந்தப் போனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது போனுக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் நடந்த கடைசி மாநகராட்சித் தேர்தல் அது. எங்களுடையது சின்னக் கட்சி. விருப்ப மனு, நேர்காணல், பிறகு மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல், இதுதான் வழக்கம். அந்தத் தடவை சில வார்டுகளில் புதிதாக ஒன்று செய்து பார்ப்போம் என்றார்கள். வார்டில் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். நிற்க ஆசைப்படுகிறவர்கள் அவர்கள் முன்னால் பேசுவார்கள். உறுப்பினர்கள் ரகசியமாக ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேலிடத்து வாசலில் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்துக்கிடக்கும் காலம் ஒழிந்தது என்று குதித்தேன். இன்றைக்கும் அது நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த மண்டபத்துக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

எனக்குக் கொடுத்த வார்டைச் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் மீனவர் குப்பம். மறுபக்கம் டிரைவர்கள் குடியிருக்கும் தெருக்கள், லாரி ஷெட், பஞ்சர் கடைகள், தெற்கத்தி அண்ணாச்சிகளின் மளிகையும் சாப்பாட்டுக் கடையும். லாரியால் அடிபடுகிறவர்களும் லாரியால் அடுப்பு எரிகிறவர்களும் ஒரே வார்டில் இருந்தார்கள். எங்கள் கட்சி அட்டை வைத்திருந்தவர்களோ அநேகமாக எல்லோரும் குப்பத்துக்காரர்கள், லாரி மறியல் நடந்தபோது சேர்ந்தவர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அந்த ரோட்டில் ஆளைப் பறிகொடுக்காத சந்து குப்பத்தில் இல்லை.

மறியலில் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் கஸ்தூரி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மீன் இறங்கும் கரையில் ஏலம் கூறுவது அவள் தொழில். சங்கரா மீன் கூடையைச் சுற்றி முப்பது வியாபாரிகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் எந்தக் குரல் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகளை ஒரு லாரி இடித்துத் தள்ளியிருந்தது. பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். இதில் இன்னொன்றும் உண்டு. கஸ்தூரியின் தம்பி முருகேசன் டிரெய்லர் ஓட்டுகிறவன். கல்யாணம் ஆகாதவன், அவள் வீட்டு மாடியில் இருந்தான், மூன்று வேளையும் அக்கா கையால்தான் சாப்பாடு.

அதனால்தானோ என்னவோ அவளிடம் மட்டும் ஒரு உருப்படியான திட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் விடும்போதும் லாரி நிற்க வேண்டும். மீன் கரையேறும் நேரத்திலும் நிற்க வேண்டும். மற்ற நேரத்தில் ஒரே ஓரமாகப் போகலாம். ரோட்டில் நிறுத்தாமல் இருக்க ஒரு காலி மைதானம், அதில் தண்ணீரும் கக்கூஸும். தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு டிரைவரிடமும் போய் அவளே பேசியிருந்தாள். "நேரத்த சொல்லுக்கா, நிறுத்திக்கிறோம். ஒண்ணுக்குப் போவ எடம் குடுத்தா போதும்" என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருஷத்தில் எந்த வேட்பாளரும் இவ்வளவு வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு என்னிடம் வந்ததில்லை.

அவளைப் பார்க்க ஒரு நாள் காலையில் கரைக்குப் போனபோது ஒரு காட்சி பார்த்தேன். பெரிய வியாபாரி ஒருவர் போட்டி வேகத்தில் ஒரு வஞ்சிரக் கூடைக்குத் தாறுமாறாக விலை கேட்டுவிட்டார். கூடை அவர் பக்கம் நகர்ந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மனிதர் திரும்பி வந்தார். அதே இடத்தில், அதே ஆட்கள் நடுவில் நின்று, "சூட்டுல கேட்டுட்டேன், இந்த வெல எனக்கு ஆவாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கஸ்தூரி கூடையைத் திரும்ப நடுவில் இழுத்து முதலிலிருந்து ஏலம் கூறினாள். அவர் அன்றைக்கு வேறு எந்தக் கூடைக்கும் வாய் திறக்கக் கூடாதாம், அது அந்தக் கரையின் கட்டுப்பாடு. "மீன வண்டில ஏத்தறதுக்குள்ள வந்து சொல்லிடணும்ணா. ஏத்திட்டு சொன்னா அவன் மனுசனே இல்ல" என்றாள். வேடிக்கையாக இருக்கிறதே என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மண்டபம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியது. கஸ்தூரிக்கு எதிரே நின்றவன் தினகரன், படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற இளைஞன், குணத்தில் குறை சொல்ல முடியாத பையன். கஸ்தூரி முதலில் பேசினாள். நேரம், மைதானம், கக்கூஸ் என்று விளக்கினாள். கூட்டம் கொட்டாவி விட்டது. ஒருத்தர் எழுந்து, "இன்னாம்மா, எங்கள சாவடிக்கிறவனுக்கு கக்கூஸ் கட்டிக் குடுக்கவா நாங்க மறியல் பண்ணோம்?" என்று கேட்டார். மண்டபமே கைதட்டியது.

தினகரன் எழுந்து, "பகல்ல ஒரு லாரிகூட வராது!" என்றான். விசில் பறந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்ப ராத்திரில சாவலாமா நைனா?" என்றாள். அவன் உடனே, "ராத்திரிலயும் ஓரமாத்தான் போவணும்!" என்றான். இன்னும் பெரிய விசில். பதில் சொல்லக் கஸ்தூரிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் பாக்கி இருந்தது. பிள்ளைகளே, எனக்குக் கை பரபரத்தது. தோற்கப் போகிறோம் என்ற பயத்தில் நமக்கு வரும் அந்தப் பரபரப்பை நீங்களும் சீக்கிரம் பார்ப்பீர்கள். ஒரு துண்டுத் தாளைக் கிழித்து எழுதினேன்: இந்த ரோட்டில் இனி ஒரு லாரிகூட ஓடாது. லாரி ஷெட்டுக்கு என் கையால் பூட்டுப் போடுவேன்.

அவள் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது நம்மால ஆவுமாண்ணா?"

"முதல்ல ஜெயி, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் சீட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள். பிறகு மைக்கைப் பிடித்து, ஏலத்தில் கூவுகிற அதே குரலில் அந்த இரண்டு வரியையும் சொன்னாள். பெண்கள் எழுந்து நின்று அழுதார்கள். ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள். ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் இளித்துக்கொண்டு குலுக்கினேன்.

மறுநாளே அந்த வீடியோ ரோட்டின் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் ஓட்டுக் கேட்டு டிரைவர்கள் தெருவுக்குப் போனோம். கதவுகள் சாத்தியிருந்தன. போன மாதம் அவளுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்த வீடுகள். சாப்பாட்டுக் கடை அண்ணாச்சி மட்டும் வெளியே வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், மரியாதையான மனுஷர்.

"ஏ தங்கச்சி, நீ பேசுனத என் வீட்டுக்காரி காட்டுனாள்லா. ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டா எங்கிட்ட சாப்பிடுத அம்புட்டு பேரும் போயிருவாவ. பொறவு என் கடைக்கு நீ பூட்டுக் கொண்டாற வேண்டாம். அது தானா மூடிரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் அதைவிட மோசம். முருகேசன் சாப்பிட இறங்கி வரவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது நான் கீழே வாசலில் நின்றிருந்தேன். அவன் குரல் தெளிவாகக் கேட்டது. "எங்க சோத்துக்கு பூட்டு போடுறேன்னு மைக்ல கத்திட்டு, எனக்கு சோறு எட்த்துகினு வர்றியா? கீழ வச்சிட்டு போக்கா." இறங்கி வந்தபோது தட்டு அவள் கையிலேயே இருந்தது. கானாங்கெளுத்திக் குழம்பு ஆறிப்போயிருந்தது. மூன்று நாள் அவன் அண்ணாச்சி கடையில் சாப்பிட்டான்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? எங்கே வந்தது! "கவலப்படாதம்மா, குப்பத்துல பூட்டுன்னு பேசு, டிரைவருங்க தெருவுல படிப்படியான்னு பேசு. வீடியோவுல வெட்டி ஒட்டிட்டாங்கன்னு ஒரு நோட்டீஸ் போட்டுக்கலாம்" என்று யோசனை சொன்னேன். "படிப்படியாக" என்ற சொல்லை வைத்தே நான் பாதி ஆயுளை ஓட்டியவன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாண்ணா கலீஜா பேசுற? நான் சொன்னது நான் சொல்லலன்னு சொல்லவா?" என்றவள் சட்டென்று, "மனு போட இன்னும் எத்தினி நாளு கீது?" என்று கேட்டாள்.

"நாலு நாள்."

"அப்ப மீனு இன்னும் வண்டி ஏறல" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடி மண்டபத்தைக் கூட்டி, கேட்ட விலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறாள். "உனக்குப் பைத்தியமா? குப்பம் உன்ன சும்மா விடுமா? தட்டுல வந்து விழுந்த வேட்பாளர் சீட்ட எவளாவது தூக்கிக் குடுப்பாளா?" என்று கத்தினேன். நியாயமாகப் பார்த்தால் அவள்தான் என் மேல் கத்தியிருக்க வேண்டும். அவளோ மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டாள். அவர் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தார். கடைசியில், கூட்டித் தொலையுங்கள் என்றார்.

அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். டிரைவர்களும் கடைக்காரர்களும் மண்டபத்துக்கு வர வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று நான் விதியைக் காட்டினேன். "ஓட்டு வேணாண்ணா. ஒக்கார எடம் குடு. அவங்க மூஞ்சிய பாத்துகினு பேசணும், அவ்ளோதான்" என்றாள். முப்பது வருஷத்தில் எனக்குத் தோன்றாத யோசனை அது. சுவர் ஓரமாக நாற்காலி போட்டோம். அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இருபது டிரைவர்கள் வந்தார்கள். முருகேசன் கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

பேச்சு ஒன்று எழுதி வைத்திருந்தேன். அவள் அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"போன வாரம் இதே எடத்துல ஒரு வெல கேட்டேன். சூட்டுல கேட்டுட்டேன். ஒரு லாரிகூட ஓடாதுன்னு சொன்னேன், என்னால ஆவாது. ஷெட்டுக்கு பூட்டு போடுவேன்னு சொன்னேன், போட மாட்டேன். அங்க ஒக்காந்துகினு கீறான் பாருங்க, அவன் என் தம்பி. என் பொண்ணு காலு போன அன்னிக்கு அவள தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவன் அவன்தான். அவன் சோத்துல மண்ண போட்டா என் பொண்ணு காலு நேராவாது. பள்ளிக்கூட நேரத்துல லாரி நிக்கும். மீனு கரையேறுற நேரத்துல நிக்கும். டிரைவருங்களுக்கு எடம் வாங்கித் தருவேன். இதுதான் என்னால குடுக்க முடிஞ்ச வெல. அந்த வார்த்தைய நம்பி எனக்கு ஓட்டு போட்டீங்க, அந்த ஓட்ட திருப்பிக் குடுத்துட்டேன். மறுபடி போடுங்க."

வலை பின்னுகிற ஒருவர் எழுந்தார், அவர் மகன் அந்த ரோட்டில் இறந்தவன். "அன்னிக்கு ஒண்ணு பேசுன, இன்னிக்கு ஒண்ணு பேசுற. உன்ன நம்பி நான் அழுதேன்மா" என்றார். கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆமாண்ணா. தப்பு என்னுது" என்றாள். நான் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சீட்டு எழுதியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது தினகரன். அவன் இன்னும் பெரிய விலையோடு வந்திருப்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். "ஒரு லாரிகூட..." என்று ஆரம்பித்தவன் சுவர் ஓரம் பார்த்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டு பம்ப் செட் ரிப்பேருக்கு அவனிடம்தான் வருகிறவர்கள். அண்ணாச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தினகரன் பேச்சை மாற்றினான். "கஸ்தூரியக்கா சொன்ன நேரக் கணக்கு சரியாத்தான் கீது. அத நானும் செய்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். விசில் இல்லை. ஆனால் யாரும் அவனைத் திட்டவும் இல்லை. அந்தப் பையன் மேல் அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை.

ஓட்டு எண்ணினோம். பதினான்கு ஓட்டில் கஸ்தூரி தோற்றாள்.

இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். சொல் மாறியவள் என்ற பெயர் அவளுக்கு, அந்தப் பெயர் இல்லாத அதே திட்டம் அவனுக்கு. அவள் தினகரன் கையைப் பிடித்து, "மனு போடற அன்னிக்கு நானும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கடைசி நாற்காலியிலிருந்து முருகேசன் எழுந்து அவள் எதிரே வந்து நின்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, வூட்ல இன்னா கொழம்பு?" என்றான்.

அதுவரை அழாதவள் அப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கண் மறைத்தது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

தினகரன் வார்டில் ஜெயித்தான். டிரைவர்கள் தெருவில் அவனுக்காக வீடு வீடாகப் போனவள் கஸ்தூரி. ஒரு கதவும் சாத்தவில்லை. அதற்குப் பிறகு போலீசிடமும் அதிகாரிகளிடமும் லாரிக்காரர்களிடமும் அவனும் அவளும் மாதக் கணக்கில் நடையாய் நடந்தார்கள். மைதானம் இன்னும் பாதிதான் கிடைத்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் லாரி நிற்கிறது. ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாக முருகேசனின் டிரெய்லர் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தது. யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் ரோட்டைக் கடந்தார்கள். அவர்களில் ஒரு பெண் காலை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல் நடந்து போனாள்.

அங்கிருந்து நேரே கரைக்குப் போனேன். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கஸ்தூரி நெத்திலிக் கூடைகளுக்கு நடுவில் நின்றாள். வியாபாரிகள் கூடிக்கொண்டிருந்தார்கள். "அந்தச் சீட்ட எழுதுனது நான்தாம்மா. அன்னிக்கு மண்டபத்துல நீ ஏன் என் பேரச் சொல்லல? சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்ப" என்றேன்.

அவள் கூடையைக் காலால் நடுவில் தள்ளினாள்.

"எழுதுன கை உன்னுதா இருக்கலாம்ணா. வெல கேட்ட வாயி என்னுது" என்றாள். "நவுந்து நில்லு, ஏலம் போவுது."